லாக்கர்காரர் திறந்து போட்ட பூட்டு

1

வங்கியின் லாக்கர் அறையைக் கட்டிக் காத்தே ஓய்வு பெற்ற ஒரு மனிதர், தன் வீட்டு சர்வரின் பூட்டைத் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பட்டப்பகலில், ஒருமுறைகூட எழுந்து போய்ப் பார்க்காமல் குறட்டை விட்டுத் தூங்கினார்.

நம்ப மாட்டீர்கள். அவரைத் தெரிந்தவர்களே நம்பவில்லை. அவருடைய மச்சான் சிரித்த சிரிப்பில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. (கொஞ்சம் மிகைதான். காரை முன்பே பெயர்ந்திருந்தது.) அந்தச் சிரிப்பில் பிறந்தது இந்தக் கதை. "எழுதியே காட்டுறேன் பாரு" என்று சவால் விட்டாயிற்று. 'நான்' என்று எழுதினால் என் பேனாவுக்குத் தலைகால் புரிவதில்லை என்று வீட்டில் குற்றச்சாட்டு. ஆகவே 'அவர்' என்றே போகட்டும்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "மழை தூறிய அந்த மாலையில், சர்வரின் பச்சை விளக்கு ஒரு மின்மினியைப் போல..."

வேண்டாம். மழையே இல்லை. சர்வர் என்பதும் வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்து வைக்க, செருப்பு அலமாரி மேல் கிடந்த, மூடி உடைந்த பழைய லேப்டாப்தான். மனைவியின் காலிலிருந்து தொடங்குவோம்.

மனைவி நாடக இயக்குநர். மேடைப் படியில் தவறி விழுந்து, தொடைவரை மாவுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். ஒத்திகையைப் படம்பிடித்துக் குழுவினர் அனுப்புவார்கள். அது சர்வரில் வந்து சேரும். போன் திரையில் நடிகர்கள் கடுகு கடுகாகத் தெரிந்ததால் டிவியில் பார்த்தாக வேண்டும். பார்த்து, முன்னும் பின்னும் ஓட்டி, சொதப்பியவர்களைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்க வேண்டும். முடியாவிட்டால் இயக்கம் 'மீசை' என்ற துணை இயக்குநர் கைக்குப் போய்விடும். கடைசிக் காட்சியில், சுடுகாட்டில், ஒரு குழு நடனம் வைக்க மீசைக்கு நெடுநாள் ஆசை.

"என் நாடகத்துல பொணம் எந்திரிச்சு ஆடுறதப் பாக்குறதுக்கு, இன்னொரு காலும் ஒடியட்டும்" என்றார் மனைவி.

3

ஆக, சர்வரிலிருந்து டிவிக்கு ஒரு வழி வேண்டும். இங்கே கதை கட்டுரையாகிறது. அவசரக்காரர்கள் தாவிவிடலாம். (தாவினால் மீசை ஜெயித்துவிடுவார், சொல்லிவிட்டேன்.)

டிஎல்என்ஏ என்ற வழி கண்ணாடி அலமாரி மாதிரி. எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் நடுக்காட்சிக்குத் தாவச் சொன்னால் அவர்கள் வீட்டு டிவி பிடிவாதமாக முதலிலிருந்தே ஆரம்பித்தது.

அடுத்தது எஸ்எம்பி. பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது. பழைய காதலியைப் பார்த்ததுபோல் அவர் கண்கலங்கினார். ரயில் நீளத்துக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்தார். லாக்கருக்கு எப்போதும் இரண்டு சாவி அல்லவா? பாதியை மனைவியிடம் சொன்னார், மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். டிவியோடு இணைந்த பெட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியையும் அணைத்தார்.

மறுநாள் அவர் காய்கறிக் கடையில் நிற்கும்போது போன் வந்தது.

"என்னங்க, என் பாதிய அடிச்சிட்டேன். உங்க பாதியச் சொல்லுங்க."

"போன்லயா? பக்கத்துல ஆள் நிக்குது."

"கத்திரிக்கா வாங்க வந்தவங்களுக்கு என் ஒத்திகை எதுக்குங்க?"

"வந்து அடிக்கிறேன்."

வந்து அடிப்பதற்குள் ஒத்திகை இடைவேளை முடிந்திருந்தது. 'பரவாயில்லக்கா, நாங்க பாத்துக்கிறோம்' என்று மீசையிடமிருந்து பணிவான செய்தி. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

4

நெட்வொர்க் வேலை பார்க்கும் ஒரு மச்சான், நெட்வொர்க் கதையில் இந்த நேரம் பார்த்து நுழைவது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்ய, நுழைந்துவிட்டார்.

"அத்தான், என்எஃப்எஸ் போடுங்க. அது பேரு கேக்காது. எந்த நெட்வொர்க் அட்ரஸ்லேருந்து வருதுன்னு மட்டும் பாக்கும். டிவி பெட்டிக்கு ரவுட்டர்ல ஒரு நிரந்தர அட்ரஸ் குடுத்து, அதுக்கு மட்டும் கதவத் திறங்க. படிக்க மட்டும் அனுமதி. ஒருத்தரும் எதையும் அழிக்க முடியாது."

"கையெழுத்து?"

"கிடையாது."

"சாவி?"

"கிடையாது."

"திருடன் வந்து இந்த டிவியிலயே போட்டுப் பாத்தா?"

"அக்கா பக்கத்துல உக்காந்து முழு ஒத்திகையும் பாக்குற திருடனுக்கு நாமதான் சம்பளம் குடுக்கணும். ஆனா நீங்க போட மாட்டீங்க. போட்டாலும் பின்னாடியே போயி பூட்டிருவீங்க."

சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல்: "அவனுக்கு உங்களத் தெரியுது."

5

அவர் எழுந்தார். செருப்பு அலமாரிக்குப் போனார். [அப்போது வானம் இடித்து... இல்லை, இடிக்கவில்லை.] அட்ரஸ் கொடுத்தார். படிக்க மட்டும் என்று ஒரு வரி எழுதினார். எஸ்எம்பியை அணைத்தார். லாக்கர் அறையின் இரும்புக் கதவை இடுப்பில் கட்டி இழுப்பதுபோல் இருந்ததாம். இழுத்தார்.

டிவியில் படம் ஓடியது. மனைவி ரிமோட்டை அமுக்க, நினைத்த இடத்துக்கு நினைத்தவுடன் தாவியது.

"ஏம்ப்பா ராஜா வேஷம்! சாகப் போறவன் கைக்கடிகாரத்த எதுக்குப் பாக்குற? மீசை, லைன்ல இருக்கியா? பொணம் படுத்தே இருக்கட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை பிணம் படுத்தே இருந்தது. ஆனால் அது வேறு கதை. இந்தக் கதையில் மனைவி கத்திக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் அவர் தூங்கிப்போனார்.

6

முடிவு உங்கள் கையில். அவர் பாதியில் விழித்துத் திருட்டுத்தனமாகப் பாஸ்வேர்ட் வைத்துவிட்டார் என்று முடிக்கலாம். உலகம் அப்படித்தான் நம்புகிறது. அல்லது தூக்கத்திலேயே அவர் விரல்கள் சாவி திருகுவதுபோல் அசைந்தன என்று...

"அத்தான், நகருங்க." மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். "காரை விழல. கண்கலங்கல. ரயில் நீளம்லாம் பச்சைப் பொய்."

"தூங்குனது?"

மச்சான் கூரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய அக்கா குரல் வந்தது: "சொல்லேன்டா."

"அன்னிக்கு நீங்க எந்திரிச்சு வருவீங்க, கையும் களவுமா பிடிக்கலாம்னு அந்தச் செருப்பு அலமாரி பக்கத்துல ஸ்டூல் போட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் நீங்க வரவே இல்ல" என்றார் மச்சான். "குறட்டை அங்க வரைக்கும் கேட்டுச்சு. எழுதிக்குங்க."