ஒன்பதிலேயே நின்ற அண்ணி

என் அண்ணி மருந்துக் கடை நடத்துகிறார். நான் அதே தெருவில், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணிக்கு ரத்தசோகை. மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்குகிறார். ஹீமோகுளோபினோ ஒன்பதை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

"மாத்திரையில ஒரு குறையும் இல்ல. உன் மெஷின்தான் சரியில்ல," என்றார் அண்ணி.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மெஷினைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்பவள் நான். மறுநாள் பதினொரு மணிக்கு, ஒரு கை பார்த்துவிடுவது என்றே கடைக்குப் போனேன். அண்ணி ஒரு கர்ப்பிணிக்கு அதே மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீ, காபியோட இதைப் போட்டுடாதீங்கம்மா, சத்து உடம்புல சேராது. எலுமிச்சை ஜூஸோட போடுங்க, நல்லாப் பிடிக்கும்," என்றவர், கவர்மேலும் அதைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். பிறகு தன் மாத்திரையை வாயில் போட்டு, ஆவி பறக்கும் டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

அந்தப் பெண் கவரையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எனக்கு உட்கார நேரம் கிடைக்கிறதே இந்த டீ வேளைலதான்," என்று ஆரம்பித்த அண்ணி, அப்படியே டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து எலுமிச்சை ஜூஸ்தான். இரண்டு மாதம் கழித்து, பதினொன்றரை என்று வந்த ரிசல்ட்டை நீட்டினேன். அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"பரவாயில்ல," என்றார். "இப்பவாவது மெஷினைச் சரி பண்ணினியே."