தாடையோரத்து இரண்டு எலும்புகள்

குளவி என்றால் பறக்கிற குளவி இல்லை. காற்றழுத்தத்தில் அதிர்கிற, பேனா அளவு எஃகு ஊசி. அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கல்லுக்குள் புதைந்த எலும்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கல்லைப் பெயர்த்தெடுப்பது அவள் வேலை. குளவி போடும் சத்தத்துக்குச் செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து திட்டுவான். அவளுக்காவது காதுமூடி உண்டு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேசை போட்டிருந்த பல்லு சாருக்கு அதுவும் இல்லை. ஆயுசு முழுக்க விலங்குகளின் பல்லையும் தாடையையும் ஆராய்ந்ததால் அவருக்கு அந்தப் பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் மேசையை ஒட்டித்தான் அவள் மகன் குண்டுவின் தொட்டில். ஏழு மாதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள எந்தக் காப்பகமும் தயாராக இல்லை, பல்லு சார் மட்டும்தான் தயாராக இருந்தார். குளவி எவ்வளவு அலறினாலும் குண்டு அசையாமல் தூங்குவான். பார்க்கிறவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். "இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும், சுத்திப் போடு" என்பார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரே குறை, தூக்கிவிட்டால் இறக்கிவிடக் கூடாது. அவள் தாடைக்கு அடியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடப்பான். இறக்கினால் ஊரைக் கூட்டுவான்.

"தூக்கித் தூக்கி நீதான் கெடுத்து வச்சிருக்கே" என்பான் அவள் கணவன். அவன் பேருந்து ஓட்டுநர். வீட்டுக்கு வந்தால் பிள்ளையை அக்குளில் பிடித்து மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பான். அவன் பாசம் அந்த மாதிரி.

அந்த வாரம் அவள் மேசையில் இருந்தது ஒரு சின்னத் தாடை. எலி அளவு விலங்கு, ஊர்வனவற்றுக்கும் பாலூட்டிகளுக்கும் நடுவில் நின்ற சாதி. தாடையின் பின்கோடியில் அரிசிக் குருணை போல இரண்டு எலும்புகள் ஒட்டியிருந்தன.

"அதைத் தொட்டுடாதே" என்று பல்லு சார் அவள் தோளுக்கு மேலே குனிந்து சொன்னார். "பல்லிக்கு அந்த ரெண்டும் தாடை மூட்டு. நமக்கு அதே ரெண்டும் காதுக்குள்ள போய் உக்காந்திருக்கு. இந்த ஆள்கிட்ட நடுவழில நிக்குது."

"தாடை எலும்பு காதுக்கு எப்படி சார் போகும்?"

"ஒரே நாள்லயா போச்சு? படிப்படியா சின்னதாகி விலகுறதைக் கல்லு கல்லாப் பாக்கலாம். அவ்வளவு ஏன், வயித்துக்குள்ள இருக்கும்போது உன் குண்டுவுக்கும் அது தாடையோரமாத்தான் முளைச்சிருக்கும்."

அதைச் சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்து அலமாரியின் மேல்தட்டு சரிந்து, எலும்புகளை அச்செடுத்து வைத்திருந்த சாந்துக் கட்டிகள் தகரத் தட்டோடு தரையில் விழுந்தன. காதுமூடியைத் தாண்டி அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் இடித்தது. பதறி ஓடினாள். பல்லு சார் சட்டை முழுக்கத் தேநீரோடு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தொட்டிலைக் காட்டிச் சிரித்தார்.

"பாரேன், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்!"

அவளும் சிரித்தாள். குண்டு கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். உடைந்த சாந்துக் கட்டிகள் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று மாலை அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டினாள். கரண்டியால் பாத்திரத்தை அடித்தாள். கத்தினாள். அவன் திரும்பவில்லை. ஒரு தடவை திரும்பினான், உயிர் வந்தது. அவன் திரும்பியது சுவரில் விழுந்த அவள் நிழலைப் பார்த்து என்று தெரிந்ததும் வந்த உயிர் போய்விட்டது.

பயம் தனியாக வரவில்லை, பழியையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை குளவியை வயிற்றுக்கு நேராகப் பிடித்து வேலை பார்த்தவள் அவள். தன் காதை மூடிக்கொண்டாள், அவன் காதை யார் மூடினார்கள்? மறுநாள் குளவியைக் கையில் எடுத்தாள். அந்த இரண்டு குருணைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

கணவனிடம் சொன்னபோது அவன் முதலில் கோபப்பட்டான். "எல்லாத்துக்கும் பயந்து சாகாதே. நீ தூக்கி வச்சுப் பேசினா உடனே அழுகையை நிறுத்துறானே, காது கேக்காமலா?"

ஆனாலும் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கூடவே வந்தான்.

காது மருத்துவர் அதிகம் பேசாத பெண்மணி. குண்டுவின் தலையில் கம்பிகளை ஒட்டித் தூங்கவைத்து, காதுக்குள் சத்தம் அனுப்பிச் சோதித்தார். திரையில் ஓடிய கோடுகள் தட்டையாகவே ஓடின. அவற்றைப் படிக்கத் தெரியாவிட்டாலும் தட்டை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் வேறொரு கருவியை எடுத்து, காதுக்குள் வைக்காமல் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அழுத்தினார். கோடுகள் எழுந்தன.

"உள்காது நல்லா இருக்கு" என்றார் மருத்துவர். "ரெண்டு காதுலயும் நடுவுல ரெண்டு சின்ன எலும்பு பிரியாம ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன். படம் எடுத்துப் பாக்கணும். காத்து வழியா வர்ற சத்தம் உள்ளே போகல. எலும்பு வழியா வந்தா கேக்குது. இப்போதைக்குத் தலையில பட்டை மாதிரி ஒரு கருவி மாட்டலாம். அறுவை சிகிச்சைக்குக் கொஞ்சம் வளரட்டும்."

விழித்துச் சிணுங்கிய குண்டுவை அவள் தூக்கி அணைத்துக்கொண்டாள். "என் வேலையில சத்தம் ஜாஸ்தி டாக்டர். அதனாலயா?"

"சத்தத்தால எலும்பு ஒட்டாதும்மா. இது உருவாகும்போதே நடந்தது."

பழி இறங்கியது. பயம் இறங்கவில்லை. தாடைக்கு அடியில் குண்டுவின் உச்சந்தலை சூடாக இருந்தது. "சரிடா, சரிடா" என்று அவள் முணுமுணுத்ததும் அவன் அடங்கினான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவள் தாடை எலும்பு வழியாக அவன் மண்டைக்குள் அவள் குரல் போய்க்கொண்டிருந்தது. இறக்கிவிடும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உலகமே அணைந்துபோயிருக்கிறது. கெட்டுப்போன பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அவனை அந்த இருட்டில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

மருத்துவமனை வாசலில் கணவன் பிள்ளையைக் கேட்டான். வழக்கம்போல அக்குளில் பிடித்துத் தூக்கப் போனான்.

"அப்படி இல்லைங்க. தாடையை அவன் தலையில ஒட்டி வச்சுப் பேசுங்க."

அவன் தாடி குத்துமே என்று தயங்கி, மெதுவாக முகத்தைப் பதித்தான். "டேய் குண்டு" என்றான்.

குண்டுவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. இது யார் என்பதுபோல அண்ணாந்து, அந்த முகத்தைத் தேடினான்.