அரை நிமிடத்தில் இருபத்து மூன்று

சட்டையை மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் கண்ணை வைத்து எண்ண வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம். நடுவில் குழந்தை அழுதாலோ இருமினாலோ அந்தக் கணக்கு செல்லாது. அது அமைதியான பிறகு முதலிலிருந்து எண்ண வேண்டும். பயிற்சியில் இதை மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாளும் எண்ணிப் பழகியது வீடியோவில் மூச்சு விட்ட குழந்தைகளை. அவற்றில் ஒன்றுகூட அழவில்லை.

எண்ணுகிற அக்கா என்றுதான் அந்தத் தெருக்களில் அவளுக்குப் பெயர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சளி, இருமல், அதற்கு வீடுகளில் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்து, இவற்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வீடு தேடிப் போய் மூச்சை எண்ணிப் பார்த்து, உண்மையிலேயே தேவைப்படுகிற குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், தேவையில்லாத மருந்து குறையுமா என்று பார்க்கிறார்கள். அக்காவுக்கு ஒரு நாளைக்குப் பத்தொன்பது வீடு. கையில் கணக்கைப் பதிய டேப் எனும் டேப்லெட், தோளில் ஒரு பை, காலில் மூன்றாவது முறை தைத்த செருப்பு.

அந்த வியாழக்கிழமை எட்டாவது வீடு, மாடியில் கடைசி அறை. கதவு திறந்தே இருந்தது.

"வாங்கக்கா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் குழந்தையின் அம்மா. சலவைக் கம்பெனியில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. ஓட்டல்களிலிருந்து வருகிற பெரிய விரிப்புகள். ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. ஒருத்தி வராவிட்டால் எதிரில் நிற்கிறவளுக்கும் அன்று வேலை கிடையாது. அதனால் அங்கே லீவு என்று யாரும் லேசில் வாயைத் திறப்பதில்லை.

குழந்தை தரையில் விரித்த போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டேகால் வயது. பல் முளைத்த நாளிலிருந்து கைக்கு எட்டினவர்களையெல்லாம் கடித்து வைத்ததால் கட்டெறும்பு என்று பெயர் விழுந்துவிட்டது. அக்காவின் மணிக்கட்டிலும் இரண்டு முறை பல் பதித்திருக்கிறாள்.

"நேத்துலேருந்து மூச்சு கொஞ்சம் வேகமா இருக்கிற மாதிரி தெரியுது. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ."

"காய்ச்சல் இருக்கா?"

"லேசா. கடையில போய் அந்த சிரப்பை வாங்கிடலாம்னு செருப்பைக்கூட மாட்டிட்டேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. சும்மா சும்மா குடுத்தா, நெஜமா வேணும்கிறப்ப அந்த மருந்து கேக்காதுன்னு சொன்னீங்கல்ல. அதான் வாங்கல."

"நல்லது பண்ணீங்க" என்று சொல்லி அக்கா தரையில் உட்கார்ந்தாள். சொன்னதைக் கேட்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. சட்டையை மெல்லத் தூக்கிவிட்டு, டேப்பில் கடிகாரத்தைத் தட்டினாள்.

இருபத்து மூன்று வந்தபோது டேப் அரை நிமிடம் காட்டியது. நிமிடத்துக்கு நாற்பதைத் தொட்டால் வேகமூச்சு. அது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கட்டெறும்பு இருமினாள். இருமி, முழித்து, அக்காவைப் பார்த்து வீறிட்டாள். கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.

"அழுறப்ப எண்ணக் கூடாதும்மா. கொஞ்சம் அடங்கட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். "வேணும்னா இன்னைக்கு நான் நின்னுக்கிறேன். வேகமா இருக்குன்னா சொல்லுங்க, வேனைப் போகச் சொல்லிடுறேன்."

அக்கா டேப்பில் மிச்சமிருந்த வீடுகளைப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியது என்று போட்டால் நீளமான படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பிறகு குழந்தையைத் தானே கிளினிக்குக் கூட்டிப்போய் டாக்டர் பார்க்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அரை நாள் போய்விடும். மிச்சம் பதினொரு வீடு காலியாகக் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை அவளுடையது. பார்க்காமல் விட்ட வீடுகளைத்தான் முதலில் கேட்பார்கள். போன வாரம்தான் இரண்டு குழந்தைகளைக் கூட்டிப்போனாள். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் வெறும் மூக்கடைப்பு என்றார். "அழுற குழந்தையை எல்லாம் எண்ணிக் கூட்டிட்டு வந்தா, மருந்தைக் குறைக்கிற ஆராய்ச்சி எப்படிம்மா நடக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பெரிய சூடு இல்லை. இவ்வளவு சத்தமாக அழுகிற குழந்தைக்கு என்ன வந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

"சளிதான். மூக்கைச் சுத்தம் பண்ணி விடுங்க. தண்ணி அடிக்கடி குடுங்க. மருந்து ஒண்ணும் வேண்டாம்."

"எவ்வளவு வந்துச்சுக்கா?"

"முப்பத்தாறு."

"அப்பாடா" என்றாள் அம்மா. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது அக்காவுக்கும் அந்த எண் உண்மை மாதிரியே இருந்தது. நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து அறைப் பெண்ணிடம் கட்டெறும்பைக் கொடுத்துவிட்டு, அம்மா படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள்.

ஒரு நிமிடம் ஓடி முடியாமல் டேப் எந்த எண்ணையும் ஏற்காது. எந்த இடத்தில் நின்று எண்ணினோம் என்பதையும் அதுவே குறித்துக்கொள்ளும். அதற்கும் வழி இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த வழி. அக்கா மாடிப்படியில் நின்று கடிகாரத்தைத் தட்டி, டேப்பைப் பைக்குள் வைத்தாள். பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பைக்குள் மணி அடித்ததும் எடுத்து முப்பத்தாறு என்று போட்டாள். அது போன வாரம் அதே குழந்தைக்கு வந்த எண். போன வாரம் அதை அவள் முழுதாக எண்ணித்தான் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் போன் செய்து ஆபீசுக்கு வரச் சொன்னார். கட்டெறும்பைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் உதடு நீலம் பூத்துவிட்டதாம். இடது நுரையீரலைச் சுற்றிச் சீழ். விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அக்கா நின்றுகொண்டே கேட்டாள். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

சூப்பர்வைசர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பதிவு ரொம்பச் சுத்தமா இருக்குக்கா. வியாழக்கிழமை, ஒம்பது நாப்பத்திரண்டு. இடம் சரி, நிமிஷம் சரி, முப்பத்தாறு. மேல கேட்டாங்கன்னா இதைக் காட்டிடலாம். நம்ம மேல தப்பில்ல."

"அன்னைக்குப் பாப்பா அழுதுச்சு, சார்."

அவர் விரல் நின்றது. "அடங்கினதுக்கு அப்புறம் எண்ணினீங்கதானே?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவருக்கும் மூன்று மாத ஒப்பந்தம்தான்.

"எண்ணினேன், சார்."

"அப்ப அழுத கதையெல்லாம் எதுக்குக்கா? விடுங்க."

செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தாள். வராந்தாவில் குழந்தையின் அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். லாரி ஓட்டுகிறவர்; சேதி கேட்டு மூன்று நாள் தொடர்ந்து வண்டி ஓட்டி வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா, குழந்தைக்கு அத்தை. கொஞ்சம் தள்ளி, குழாயடியில், அம்மா குழந்தையின் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அத்தைதான் பேசினாள். சாதாரண மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கவில்லையாம், வேறு பெரிய ஊசி போடுகிறார்களாம், இன்னும் இரண்டு வாரமாவது ஆகுமாம். "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றாள். எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு நாலு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது அவள்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வியாழக்கிழமை நீங்க வீட்டுக்கு வந்தீங்களாமே. அப்ப எப்படி இருந்தா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் முழுசா எண்ணல. மூன்றே சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"முப்பத்தாறு" என்றாள் அக்கா. "நாப்பதுக்குக் கீழ. நார்மல்தான்."

"கேட்டுக்கிட்டியா?" என்று அத்தை தம்பியிடம் திரும்பினாள். "ஆராய்ச்சிக்காரங்க எண்ணிப் பாத்த கணக்கு. வியாழக்கிழமை நல்லா இருந்த புள்ள, சனிக்கிழமை உதடு நீலமாகிற வரைக்கும் இவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?"

"வேலைக்குப் போறவ..." என்று அவர் இழுத்தார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். வேலைக்குப் போறவ வேலைக்குப் போகட்டும். புள்ளையை எங்கிட்ட குடு. என் வீட்ல எந்நேரமும் ஆள் இருக்கு. நான் ஒண்ணும் வம்புக்குச் சொல்லலடா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா புள்ள தாங்காது."

நாத்தனார் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிச் சொல்கிறவள்தான் அந்த அம்மா. முன்பு ஒருமுறை இருவரும் போட்டுக்கொண்ட சண்டையைக் கேட்டு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சு எண்ணியிருக்கிறாள். இப்போது அம்மா கழுவின டம்ளரைப் புடவையில் துடைத்தாள், பிறகும் துடைத்தாள். அந்த எண்ணை மறுத்துப் பேச அவளிடம் என்ன இருக்கிறது? தன் கண்ணால் பார்த்தது மட்டும்தான் இருந்தது.

சேர்த்த பத்தொன்பதாம் நாள் கட்டெறும்பை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாள் காலையில், கையில் ஒரு படிவத்தோடு அக்கா மாடி ஏறினாள். ஊர் மாறிப் போகிற குழந்தையை ஆராய்ச்சியிலிருந்து நீக்குவதற்கான படிவம். அத்தையின் ஊருக்குப் போக, குழந்தையும் அத்தையும் அப்பாவும் கீழே வாடகைக் காரில் ஏறிவிட்டிருந்தார்கள். அம்மா மட்டும் ஒரு பையில் சின்னச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் கூடப் போகலாமேம்மா."

"அவரு வண்டி ஒரு வாரம் நின்னுடுச்சு. என் சம்பளமும் இல்லன்னா இந்த அறையும் போயிடும்க்கா. மாசம் ஒருதடவை வந்து பாத்துக்கன்னு சொல்லியிருக்காங்க." சட்டைகளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வியாழக்கிழமை காலைல எனக்கு வேகமாத்தான் தெரிஞ்சுது. நீங்க முப்பத்தாறுன்னீங்க, சரி, நமக்குப் பாக்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமையும் அதே மாதிரிதான் இருந்துச்சு. முப்பத்தாறுதானேன்னு வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு நாளும் எனக்கு ஒரே மாதிரிதான்க்கா தெரிஞ்சுது. நடுவுல எப்ப மாறுச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பெத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?"

இப்போது சொன்னால் இவள் கீழே ஓடிப்போய்க் காரை நிறுத்துவாள். பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். அங்கெல்லாம் சொல்லாமல் விட்டது இப்போது இன்னும் பெரிதாகிப் போயிருந்தது. அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேசியது வேறு.

"உங்களை நீங்களே போட்டுக் குடைஞ்சுக்காதீங்கம்மா."

"நீங்க ஒருத்தராவது இப்படிச் சொல்றீங்களே" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி மெதுவாக வாசித்தாள். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. நான்காவதில் ஆபீசிலேயே டிக் அடித்து அனுப்பியிருந்தார்கள்: குழந்தை தாயின் பராமரிப்பில் இல்லை.

கீழே யாரோ கூப்பிட்டார்கள்.

"எங்க போடணும்க்கா?"

அக்கா இடத்தைக் காட்டினாள். அம்மா படிவத்தை முழங்காலில் வைத்து, மூன்று பிரதியிலும் விழுகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடாமல் அப்படியே நீட்டினாள். அதற்குக் கீழே, சாட்சி என்று அச்சடித்திருந்த கோட்டில், எண்ணுகிற அக்கா தன் பெயரை எழுதினாள்.