மட்டக்களப்பு எமிலியோ

பெரிய சூப் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் எமிலியோ அந்தக் கதையைச் சொன்னான். தான் ஸ்பெயினில் முதலாம் பிரிவில் உதைபந்து விளையாடியவனாம். பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த மூத்ததம்பி தலையை நிமிர்த்தவில்லை. நம்பினால்தானே நிமிர்வதற்கு. சுவிஸுக்கு வந்தவர்களில் ஊரில் சும்மா இருந்தவன் எவன்? வில் நகரத்துத் தமிழரைக் கேட்டுப் பார்த்தால் பாதிப்பேர் பள்ளிக்கூடத்து அதிபர், மிச்சப்பேர் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல் வைத்திருந்தவர்கள். எல்லோரும் இப்போது கோப்பை கழுவுகிறார்கள். ஸ்பெயின்காரனுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாதா என்ன?

அந்த முதியோர் இல்லத்துக் குசினியில் கழுவுகிற ஆட்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். இருவருக்கும் தெரிந்த டொச், அதாவது ஜெர்மன் மொழியைச் சேர்த்துக் கூட்டினால் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. மிச்சத்துக்கு மூத்ததம்பி தமிழை எறிவார், எமிலியோ பொறுக்கிக்கொள்வான். சட்டி வண்டியைத் திருப்பச் சொல்ல மட்டக்களப்பாருக்கே உரிய "கிறுகு". விரைவாகச் செய்யச் சொல்ல "கெதியா". தலைமைச் சமையற்காரர் வந்தால் "மாடு வருது". குசினிக்காரர்களுக்கு மூத்ததம்பி என்ற பெயர் வாயில் கொள்ளவில்லை, பாதியில் முறித்துத் "தம்பி" என்றார்கள். பேரப்பிள்ளை கண்ட மனுசனை முப்பத்துச் சொச்ச வயதுக்காரன் எமிலியோவும் தம்பி என்றுதான் கூப்பிட்டான்.

கழுவக் கழுவ அவனுடைய கதை முழுவதும் வந்தது. கடலோரத்து ஊர். தகப்பன் வலை இழுக்கிறவர். மீசை முளைக்க முந்தியே ஒரு கழகம் வந்து கூட்டிக்கொண்டு போனது. நடுக்களத்தில் விளையாடினான். ஒரேயொரு பருவம் முதலாம் பிரிவில், அதுவும் பெரிய பெரிய ஆட்களோடு. அதற்குப் பிறகு முழங்கால் போனது. பிறகு சின்னக் கழகம், பிறகு அதைவிடச் சின்னக் கழகம், கடைசியில் சுவிஸில் ஒன்று. அவர்களும் போன வருடம் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கமாயிருந்ததால் இங்கேயே நின்றுவிட்டான். இதையெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே சொன்னான்.

"எத்தின கோல் போட்டிரிப்பாய்?" என்று மூத்ததம்பி கேட்டார்.

"கொஞ்சம்தான் தம்பி. நான் பந்து குடுக்கிற ஆள்."

"அப்ப நீ பரிமாறுற ஆள். தின்னுறது வேற ஆக்கள்."

எமிலியோ அதைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். மூத்ததம்பிக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாதாரணப் பொய்க்காரன் என்றால் கோலையாவது கூட்டிச் சொல்லியிருப்பான். கூட்டாமல் சொல்கிறவன் அதைவிடப் பெரிய பொய்க்காரனாக இருக்க வேண்டும்.

மூத்ததம்பி இப்படிப் பந்துக் கதை கேட்டதற்குக் காரணம் இருந்தது. வில்லில் இருந்த மட்டக்களப்புப் பெடியன்கள் சேர்ந்து வாவிக்கரை விளையாட்டுக் கழகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு அவர்தான் தலைவர். பந்து பற்றித் தெரிந்ததால் அல்ல, ஆட்களை ஏற்றிப்போக வான் வண்டி அவரிடம் இருந்ததால். ஒவ்வொரு கோடையிலும் சோலோதுர்னில் தமிழ்க் கழகங்களுக்கிடையே போட்டி நடக்கும். தமிழர் மட்டும்தான் விளையாடலாம், பதினொரு பேர் இல்லாமல் இறங்கக் கூடாது. போன வருடம் பத்துப் பேரோடு போய், விளையாடாமலே ரோல்ஸ் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். போட்டியை நடத்துகிற யாழ்ப்பாணத்து யோகராஜா ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்: இந்த முறையும் ஆள் இல்லையென்றால் வாவிக்கரைக்கு இனி அழைப்பு இல்லை. அதைக் கேட்டு மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பு மூத்ததம்பியின் காதுக்குள் ஒரு வருடமாக நின்றது.

போட்டிக்குப் புறப்படுகிற காலையில் தினேசன் நொண்டிக்கொண்டு வந்தான். வேலைத்தலத்துப் படியில் சறுக்கிக் கால் வீங்கியிருந்தது. மாற்று ஆட்கள் இரண்டு பேருக்கும் வேலை, விட்டு வர முடியாது. வானுக்குள் ஏறிய பத்துப் பெடியன்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மறுகா என்ன, இந்த முறையும் ரோல்ஸ்தான்" என்றான் அணித்தலைவன் கேதீஸ்வரன்.

அப்போது சோற்றுப் பொதிகளை அடுக்கிக்கொண்டிருந்த மூத்ததம்பியின் மனைவி அழகிப்பிள்ளைதான் வாயைத் திறந்தாள். "ஒங்கட குசினிப் பெடியன் இரிக்கானே. அவன்ட முகம் நம்மட ஊர்ப் பறங்கி ஆக்கள்ற முகம்தானே. அண்டைக்குப் பஸ்சில கண்டு, நம்மட தச்சு வேலைச் செல்லரையாட மகனாக்குமெண்டு கதைக்கப் போயிற்றன்."

மூத்ததம்பி மனைவியைப் பார்த்தார். மட்டக்களப்பில் பறங்கியர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர், வேதக் கோயில், வெள்ளைத் தோல், வாயில் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். தமிழரோடு தமிழராய் இருந்தவர்கள். எமிலியோ என்ற பெயரைக்கூட மாற்றத் தேவையில்லை.

"அவன் சொல்லுறதெல்லாம் பொய்கா" என்றார்.

"பொய்யெண்டாலும் ஒரு ஆள்தானே" என்றாள் அழகிப்பிள்ளை.

எமிலியோ தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது முகத்தில் சவர நுரை. விசயத்தைக் கேட்டதும் நுரையோடேயே உள்ளே ஓடிப்போய்ப் பழைய சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். முழங்கால் தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சோலோதுர்ன் மைதானத்தில் வடை எண்ணெய் மணத்தது. யோகராஜா எமிலியோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆரண்ணை இது?"

"நம்மட பெடியன். மட்டக்களப்புப் பறங்கி."

"பறங்கியோ?"

"ஓம். மட்டக்களப்புப் பக்கம் வந்திரிக்கீங்களா நீங்க?"

"இல்லை..."

"வந்திருந்தாத் தெரிஞ்சிரிக்கும்."

"பொய்யெண்டு தெரிய வந்தால்?"

"தெரிய வந்தா வாவிக்கரைய இனி எந்தப் போட்டிக்கும் கூப்பிடாதீங்க. நான் சொல்லுறன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மூத்ததம்பிக்கு உறைத்தது. ஊரில் ஒரு நாளும் யாருக்கும் பிணை நின்றவர் இல்லை அவர். இப்போது முழுக் கழகத்தையும் ஒரு ஸ்பெயின்காரனின் முழங்காலில் கட்டிவிட்டு நிற்கிறார்.

ஆட்டம் தொடங்கியது. எமிலியோ ஓடவே இல்லை. நடுவில் நின்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏமாந்துபோனோம் என்று மூத்ததம்பி பல்லைக் கடித்தார். அப்போது பந்து அவனிடம் வந்தது. அவன் அதைத் தொட்டதுபோலவும் இல்லை, தொடாததுபோலவும் இல்லை. பந்து மூன்று பேருக்கு நடுவால் புகுந்து போய், ஓடிக்கொண்டிருந்த கேதீஸ்வரனின் காலடியில் கிடந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவும் தேவைப்படவில்லை, கூட்டவும் தேவைப்படவில்லை. கோல் அடித்த பிறகு, பந்து எப்படி வந்தது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"கிறுகு! கிறுகு! கெதியா!" என்று எமிலியோ கத்தினான்.

யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்: "உண்மையா மட்டக்களப்பான்தானடா. கிறுகெண்டுறான்."

எதிரணியின் உருண்டு திரண்ட பின்கள ஆட்டக்காரன் கேதீஸ்வரனை நோக்கி வர, எமிலியோ குசினியில் படித்ததை அப்படியே எடுத்துவிட்டான்: "மாடு வருது! மாடு வருது!" மட்டக்களப்புப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிட்டார்கள். அந்தப் பெடியனுக்கே சிரிப்பு வந்து பந்தை விட்டுவிட்டான்.

மூத்ததம்பி சிரிக்கவில்லை. அவர் கண் எமிலியோவை விட்டு அசையவில்லை. பந்து வருவதற்கு முன்பே அவன் பார்த்துவிடுகிறான். ஒவ்வொருத்தனுக்கும் எது எவ்வளவு வேண்டுமென்று அறிந்து இலையில் வைப்பதுபோல வைக்கிறான். நேற்றுவரை ஒருவரோடொருவர் சண்டை பிடித்த பெடியன்கள் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அட, பொய்யில்லை. சுவிஸில் ஒருத்தன் சொன்ன ஊர்க்கதை முதல் தடவையாக உண்மையாய்ப் போய்விட்டது. மூத்ததம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழகிப்பிள்ளை கண்டுவிட்டாள், ஒரு வடையை எடுத்து நீட்டினாள்.

வாவிக்கரை இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணி யோகராஜாவின் சொந்தக் கழகம். எமிலியோ முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சூழ்ந்திருக்க, ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். "தம்பி! நல்லா இருக்கு!" என்று கத்தினான். அவ்வளவு வயதான மனுசனை அவன் தம்பி என்றதைக் கேட்டு ஓர் ஆச்சி வாயைப் பொத்தினாள்.

யோகராஜா மூத்ததம்பியை வான்களுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணை, போன வருசம் பேப்பரில இவற்ற படம் பாத்தனான். ஸ்பெயின்காரன் எண்டு போட்டிருந்தது."

மூத்ததம்பி, பெடியன்களை எப்படி வானில் ஏற்றுவது, எமிலியோவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்: "விளையாட விடுங்க. அவன் இண்டைக்குத்தான் மனசால சிரிக்கான்."

யோகராஜா மைதானத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "நான் ஒண்டும் காணேல்லை அண்ணை" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா போன ஆட்டத்தில ஒருத்தனுக்குக் கால் சுளுக்கி எங்களுக்கும் ஓராள் குறையுது. நீங்களும் ஒண்டும் காணக்குடாது."

விசில் ஊதியது. மூத்ததம்பி ஓட்டமும் நடையுமாக எல்லைக் கோட்டுக்கு வந்தபோது இரண்டு அணியும் இறங்கிவிட்டிருந்தன. ஒலிபெருக்கி யோகராஜாவின் ஆட்களை ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டு வந்து, கடைசிப் பெயரில் கொஞ்சம் தடக்கி, "உருத்திரன்" என்றது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருத்தன் கையைத் தூக்கினான். செக்கச் சிவந்த தலைமயிர், முகமெல்லாம் பொரிப் பொரியாய்ப் புள்ளி. மைதானத்துக்கு அப்பால் ஒரு சுவிஸ் பெட்டை அவன் பெயரைக் கூப்பிட்டு, "ஹோப் உர்ஸ்!" என்று உற்சாகமாகத் துள்ளினாள். எமிலியோ அவனிடம் போய்க் கை குலுக்கி, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். யாரோ அவசரத்தில் அள்ளிப் பூசிவிட்ட திருநீறு அந்தச் சிவந்த நெற்றியிலிருந்து வியர்வையோடு கரைந்து, புள்ளிகளுக்கு மேலால் மூக்கு நுனிவரை இறங்கிக்கொண்டிருந்தது.