மூணு ஜாவா

“நான்தான் பண்ணிட்டேன்னு நீயே ஒரு மெயில் போட்டிரும்மா” என்றார் அய்யாக்குட்டி அண்ணாச்சி, பருப்பு வடையைக் கடித்துக்கொண்டே. ஃபேனை அணைச்சிட்டுப் போ என்பதுபோலச் சொன்னார். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஆறு வருஷமாக, கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போடுகிற அவருடைய கிளியரிங் ஆபீஸின் கம்ப்யூட்டர்களை நான் ஒருத்திதான் கட்டி மேய்க்கிறேன். தினமும் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி, நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு வருகிறேன். “ஜெப்ஸி இல்லேன்னா நம்ம ஆபீஸ் நாறிரும்” என்று துறைமுகம் பூராவும் சொல்லித் திரிந்த வாய்தான் இதுவும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கடியில் இருக்கிற கம்ப்யூட்டரில் எட்டு, பதினொன்று, பதினேழு என்று மூன்று பதிப்பு ஜாவா வைத்திருந்தேன். ஜாவா தன்னால் ஒரு வேலையும் செய்யாது. அதன்மேல் ஏறித்தான் மற்ற புரோகிராம்கள் ஓடும். கண்டெய்னர் லிஸ்ட் போடுகிற புரோகிராம் எவனோ ஒரு புண்ணியவான் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிப்போனது. அது ஜாவா எட்டில்தான் ஓடும், வேறு எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த லிஸ்ட் இல்லாமல் கண்டெய்னரைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்துக்குப் பதினொன்று வேண்டும். நானே எழுதிய பில்லிங்குக்குப் பதினேழு. எந்தப் புரோகிராம் எதை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி எழுதி, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் பந்தியில் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிற மாதிரி மூன்றையும் வைத்திருந்தேன். ஒரு நாள் ஒன்றோடொன்று முட்டியதில்லை.

ஆயுத பூஜை அன்று நான் ஊரில் இல்லை. சாத்தான்குளத்தில் அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பதினொரு மணிக்கு கிளார்க் மாரிராஜ் போன் பண்ணினான். குலசை தசராவுக்கு மாலை போட்டு விரதமிருந்தான், சாதாரணமாகவே மெதுவாகப் பேசுகிறவன் அன்று இன்னும் மெதுவாகப் பேசினான். “யக்கா, லிஸ்ட் புரோகிராம் தொறக்க மாட்டேங்குது. ரெண்டு எறால் கண்டெய்னர் நிக்கி. மூணு மணிக்கு போர்ட் கேட்டை அடைச்சிருவானாம்.”

“யாராவது எதையாவது தொட்டீங்களாலே?”

பக்கத்தில் ஜெயகணேஷின் குரல் கேட்டது. அண்ணாச்சியின் மருமகன், எம்பிஏ, வந்து எட்டு மாதமாகிறது, வந்த அன்றைக்கே மேனேஜர். “யாரும் தொடலைன்னு சொல்லு.” மாரிராஜும் அதையே சொன்னான்.

யாரும் தொடவில்லை என்றால் நான் எதைத் தேடுவேன்? நெட்வொர்க்கைப் பார்க்கச் சொன்னேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். அணைத்துப் போடச் சொன்னேன். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றியதைக்கூட நான் பார்க்கவில்லை. பிறகு சாப்பிடாமல் பஸ் ஏறினேன். நாசரேத் தாண்டுவதற்குள் தசரா குழு ஒன்று மேளத்தோடு ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. மானிட்டரில் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஜாவா பதினேழு மட்டும் இருந்தது. எட்டும் பதினொன்றும் போன இடம் தெரியவில்லை.

விண்டோஸ் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஜாவா எட்டு நீக்கம். பத்து பதினாலுக்குப் பதினொன்று நீக்கம். நீக்கியவர் பெயர்: ஜெயகணேஷ். கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் சிரித்தார்.

“ஒரே பேருல மூணு கெடந்துச்சு. பழசு ரெண்டையும் தூக்கிட்டேன். பூஜைக்கு கிளீன் பண்ணச் சொன்னாங்கள்லா?”

மற்றவர்கள் ஒட்டடை அடித்தார்கள், இவர் என் பெட்டிக்குள் அடித்திருக்கிறார். சரி, தெரியாமல் செய்துவிட்டார், அதைக்கூட மன்னிப்பேன். பழைய இன்ஸ்டாலர் டி டிரைவில் இருந்தது. இரண்டையும் திரும்பப் போட்டு, வழிகளைச் சரி பண்ணி, லிஸ்ட் புரோகிராமைத் திறக்க எனக்கு இருபத்தோரு நிமிஷம் ஆனது. இருபத்தோரு நிமிஷம்! பதினொரு மணிக்கு “நான் தொட்டேன்” என்று அந்த வாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாரிராஜின் கையைப் பிடித்துப் போனிலேயே முடித்திருப்பேன். கண்டெய்னர் கப்பலில் ஏறியிருக்கும். இப்போது அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். இறால் கம்பெனி நேசக்குமார் சார், யார் தப்பு என்று எழுத்தில் கேட்கிறார். அதற்குத்தான் அண்ணாச்சி என்னைப் போடச் சொல்கிற இந்த மெயில்.

“அண்ணாச்சி, அழிச்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?” என்றேன்.

“தெரியும்மா. ஆனா மாப்பிள்ளை பேரு வெளிய போச்சுன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு இந்த ஆபீஸை நடத்தப்போறவரு. ஒனக்கென்ன, வேலை பாக்குற பிள்ளைக்குத் தப்பு வாரதுதானே.” வடையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “அது சரி, ஒரே சாமானை எதுக்குளா மூணு வச்சிருந்த?”

“ஒங்க ஷெட்ல டிரெய்லர் டயரும் கெடக்கு, வேன் டயரும் கெடக்கு. ரெண்டும் டயர்தானேன்னு ஒண்ணைத் தூக்கி எறிவீங்களா?”

அவர் வடையைத் திரும்ப எடுத்தார். மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் ஜெயகணேஷ் எங்கள் பக்கம் திரும்பாமல் எதையோ டைப் பண்ணிக்கொண்டிருந்தார். மாரிராஜ் ஃபைலுக்குள் முகத்தை வைத்திருந்தான். அவன்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் அவன் என்ன செய்வான், பாவம்.

இந்தத் துறைமுகத்தில் எல்லா கிளியரிங் ஆபீஸ்காரர்களும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறார்கள். காலையில் ஒரு ஆபீஸில் தும்மினால் மத்தியானம் இன்னொரு ஆபீஸில் மாத்திரை சொல்வார்கள். ‘எங்கள் டெவலப்பர் ஜெப்ஸியின் கவனக்குறைவு’ என்று ஒரு மெயில் போனால் போதும், அதற்கப்புறம் இந்த ஊரில் ஒருத்தன் என்னைக் கீபோர்டு பக்கம் விடமாட்டான். சென்னைக்குப் போயேன் என்பார்கள். நான் எதற்குப் போக வேண்டும்? எவனோ அழித்ததற்கு நான் ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும்?

“சரி அண்ணாச்சி, போடுதேன்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “நல்ல பிள்ளை” என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் நான் அடிப்பதை ஏதோ சாமி காரியம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாக அடித்தேன். எட்டு எதற்கு, பதினொன்று எதற்கு, பதினேழு எதற்கு என்று மூன்று வரி. அழிக்கப்பட்ட நேரம். அழித்தவர் பெயர். என்னிடம் கேட்டபோது யாரும் தொடவில்லை என்று சொன்னது. கடைசியில், சரிசெய்ய ஆன நிமிஷம். விண்டோஸ் எழுதி வைத்திருந்ததைப் படமெடுத்துச் சேர்த்தேன். நேசக்குமார் சாருக்கு அனுப்பினேன்.

“போயிட்டா?”

“போயிட்டு, அண்ணாச்சி.”

“என்ன எழுதியிருக்க, தமிழ்ல சொல்லு பாப்போம்.”

சொன்னேன். ஒரு வரிகூட விடாமல், கண்ணாடி அறைக்குள் கேட்கிற மாதிரி. பெயர் வந்த இடத்தில் டைப் சத்தம் நின்றது. ஜெயகணேஷ் வெளியே வந்தார். “மாமா, இவ என்ன பண்ணியிருக்கா பாத்தீங்களா?” என்றார். குரல் கீச்சென்று போனது.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திட்டட்டும், திரும்பத் திட்ட நானும் தயாராகத்தான் இருந்தேன். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. திரையைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நேசக்குமார்.

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. அடிக்கிற போனோடு கையை நீட்டினார், என் பக்கமல்ல.

“மாப்ள, நீங்களே பேசுங்க.”

ஜெயகணேஷ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி நீட்டிய கையை மடக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.