கவிழ்க்காத அண்டா

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சென்றாயனுக்குச் சோறு தொண்டையில் இறங்காமல் போய்விட்டது. படிப்பு பயமுறுத்தியதால் அல்ல. படிப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

அது 1936-ஆம் வருஷம் ஜூலை மாதம். சேலத்தில் ஜூனியர் இண்டருக்கு, அதாவது காலேஜ் முதல் வருஷத்துக்கு, வந்து சேர்ந்த முப்பத்திரண்டு பேருக்கும் அந்த வாரம் முழுவதும் பிரசங்கம்தான். புதுப் பையன்களைப் பக்குவப்படுத்துகிறார்களாம். திங்கட்கிழமை ஒழுக்கம். செவ்வாய்க்கிழமை ராஜ விசுவாசம். புதன்கிழமை டிரில் மாஸ்டர் வந்து நெஞ்சை நிமிர்த்தி நடப்பது எப்படி என்று காட்டினார். ஜேடர்பாளையத்து வாய்க்கால் வரப்பில் சேற்றோடு சேறாக ஓடித் திரிந்த சென்றாயன், தனக்கு இத்தனை நாளாக நடக்கவே தெரியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான். வியாழக்கிழமை சுகாதாரம். வெள்ளிக்கிழமை சிக்கனம். சனிக்கிழமை டீ பார்ட்டி, அதோடு மாணவர் பட்டியலில் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் பாடம்.

பிரசங்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காது கேட்டுவிட்டு விட்டுவிடும். விடுதியைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

விடுதி அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பெரிய பித்தளை அண்டா. விடுதி திறந்த அன்று பூஜை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிரப்பினார்களாம். நிறைந்த பாத்திரத்தைக் கவிழ்த்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அன்றைக்கு எந்தப் புண்ணியவான் சொன்னாரோ, ஒன்பது வருஷமாக அதை யாரும் கவிழ்க்கவில்லை. தண்ணீர்க்காரன் காளியண்ணன் தினமும் காலையில் அண்டாவின் வெளிப்புறத்தைப் புளி போட்டுத் தேய்ப்பான், பொட்டு வைப்பான், குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றுவான். வெளியே முகம் பார்க்கலாம். உள்ளே அடி எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது. மேலே அலங்காரம், உள்ளே ஓக்காளம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதில் ஆளாளுக்குத் தம்ளரை முக்கிக் குடிப்பார்கள். முக்கும்போது விரலும் முங்கும். வார்டன் அருணகிரி அப்போதுதான் மூக்குப்பொடி போட்ட கையோடு வந்து முக்குவார். அண்ணாந்து குடித்துப் பழகிய சென்றாயன் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் அவனும் முக்கினான். தாகம் யாரை விட்டது.

அண்டாவைத் தொடக் கூடாத ஒரே ஒருவன் அம்மாசி. இளம்பிள்ளைக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த பையன். அவன் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியவன் அவன் ஒருவன்தான். அவனை விடுதியில் சேர்க்காமல் இருக்க முடியாது என்று மேலிடத்து உத்தரவு. சேர்த்தார்கள், விறகு அறைக்குப் பக்கத்தில் ஒரு பொந்தைக் காட்டினார்கள். காளியண்ணன் வந்து கையில் ஊற்றினால்தான் தண்ணீர். இரண்டு நாள் காத்துக் கிடந்து பார்த்துவிட்டு, அம்மாசி சந்தையில் ஒரு புது மண்பானை வாங்கி வந்தான். தெருக் குழாயில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி நிரப்பி வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமைக்குள் அவனுடைய விடுதிக் காகிதத்தில் வார்டன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், சேரிப் பையன்களைப் படிக்க வைக்கும் லேபர் இலாகாவின் ஸ்காலர்ஷிப்; இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை. "இன்னிக்குப் போடறேன், நாளைக்குப் போடறேன்" என்று வார்டன் நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தை அம்மாசி புத்தகத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடியேதான் திரிந்தான்.

பிரசங்கம் நடக்கும் ஹாலில் கடைசி பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன் சென்றாயன் ஒருவன்தான். "என்னைய நீ, வா, போன்னே கூப்பிடு அம்மாசி. ரெண்டு பேரும் ஒரே கிளாஸுதானே" என்றும் சொல்லிப் பார்த்தான். "ஆகட்டுமுங்க" என்றான் அம்மாசி. ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை சயன்ஸ் லெக்சரர் வெங்கடாசலம் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

"கண்ணுக்குத் தெரியாத அசுத்தத்தை இன்று கண்ணால் பார்க்கப் போகிறீர்கள்" என்றவர், கடைசி பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினார். "சென்றாயன், விடுதிக்குப் போய் இரண்டு தண்ணீரையும் பிடித்து வா. நம் அண்டாவில் ஒரு புட்டி. அந்தப் பையன் வைத்திருக்கிறானே பானை, அதில் ஒரு புட்டி. அவனையும் கூட்டிப் போ."

ஒரு காலி மைப்புட்டியும் ஒரு தைலச் சீசாவும் கொடுத்தார். இரண்டு பேரும் நடந்தார்கள். காளியண்ணன் விறகுக்குப் போயிருந்தான்; விடுதியில் ஆள் இல்லை. அண்டாவின் மூடி கனத்த பித்தளைத் தட்டு. ஒரு கையில் புட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தூக்க முடியவில்லை.

"அம்மாசி, இதைக் கொஞ்சம் புடி."

அம்மாசி இரண்டு அடி பின்னால் போனான். "வேண்டாமுங்க. ஆராச்சும் பாத்தாப் பொல்லாப்பாயிருமுங்க."

"ஆரு பாக்கறாங்க இங்க? நாஞ் சொல்றேனில்ல, புடி. நேரமாவுது."

அம்மாசி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மூடியைப் பிடித்தான். சென்றாயன் குனிந்து மைப்புட்டியை முக்கினான். ஊறிய சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. இதையா இரண்டு நாளாகக் குடித்தேன் என்று நினைத்தபடியே புட்டியை மூடினான். அம்மாசி மூடியை வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பிறகு சென்றாயன் விறகு அறைப் பக்கம் போய்த் தைலச் சீசாவை நீட்டினான். அம்மாசி பானையைச் சாய்த்து மேலிருந்து ஊற்றினான். பானையில் கை படாமல் சென்றாயன் எட்டியே நின்று பிடித்தான். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கால் தானாகவே நின்றுகொண்டது.

ஹாலுக்குத் திரும்பியபோது வார்டன் அருணகிரியும் வந்து மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெங்கடாசலம் இரண்டு புட்டிகளையும் வாங்கி வைத்தார். எதில் எது என்று கேட்கவில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன!

தைலச் சீசாவில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து முதலில் தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. "துளி அழுக்கு இல்லை. வாருங்கள், வந்து பாருங்கள்."

பிறகு மைப்புட்டி. பார்த்தவர் சட்டென்று கண்ணை எடுத்துவிட்டார். வெற்றிச் சிரிப்பு சிரித்தார். "வரிசையாக வாருங்கள். ஆசாரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது மூடப் பழக்கம் இல்லை, விஞ்ஞானம் என்று இப்போது தெரியும்!"

ஒவ்வொருவனாகக் குனிந்தான். ஒவ்வொருவனும் "சீ" என்று நிமிர்ந்தான். வட்ட வெளிச்சத்துக்குள் வாலும் மீசையுமாக ஏதேதோ நெளிந்தன. ஒன்றை ஒன்று தின்றன. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். பார்த்துவிட்டுத் திரும்பிய அத்தனை பேரும் மறக்காமல் அம்மாசியைப் பார்த்தார்கள். ஒருவன் அவனைக் கடக்கும்போது வேட்டியை ஒதுக்கிக்கொண்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அம்மாசிக்கு எந்தப் புட்டி எந்தத் தண்ணீர் என்று தெரியும். அவன் சென்றாயனைத்தான் பார்த்தான். சென்றாயன் இடித்த புளி மாதிரி நின்றான்.

வார்டன் எழுந்தார். பொடியை ஒரு இழுப்பு இழுத்தார். "பாத்தீங்களா வெங்கடாசலம்? இதுக்குத்தான் நாலு நாளா நான் யோசிச்சேன். நாளைக்குக் காலரா வந்தா ஆரு பதில் சொல்றது? டேய் பையா, அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள பெட்டியைக் கட்டு."

அம்மாசியின் கை புத்தகத்தை இறுக்கியது. அதைப் பார்த்ததும் சென்றாயனுக்கு எங்கிருந்தோ நாக்கு வந்துவிட்டது.

"சார், அது அம்மாசி தண்ணி இல்லீங்க. மைப்புட்டிதானுங்க அண்டாத் தண்ணி. சீசாவுல இருக்கறதுதான் அம்மாசி பானைத் தண்ணிங்க."

முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் வெளியே ஓடினான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. கேட்டதும் இன்னொருவன் ஓடினான். வெங்கடாசலம் மைக்ராஸ்கோப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. சென்றாயனுக்கு மனசு லேசாகிவிட்டது. முடிந்தது, இனி கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தான். பாவம், பதினாறு வயசு.

வார்டன் குனிந்து இன்னொரு இழுப்புப் பொடி போட்டார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஒம்போது வருஷமா அந்த அண்டாவுல குடிக்கறோம். ஒருத்தனுக்குத் தலைவலி உண்டா? இந்த வாரம் மட்டும் எப்படிக் கெட்டுது?" மேடையிலிருந்து இறங்கிச் சென்றாயனுக்கு முன்னால் வந்து நின்றார். "தண்ணி புடிக்க இவனும் வந்தானில்ல? அண்டாவைத் தொட்டானா? கொங்கு நாட்டுப் பையன், பொய் சொல்லாம சொல்லு. தொட்டானா இல்லையா?"

தொட்டான். அரைமணி நேரத்துக்கு முன்னால், மூடியை, அதுவும் வேண்டாம் வேண்டாம் என்றவனை நான்தான் பிடிக்கச் சொன்னேன். இவ்வளவும் சென்றாயன் நாக்கு நுனியில் இருந்தது. அதோடு பட்டியலில் இன்னும் போடாத தன் கையெழுத்தும் ஞாபகம் வந்தது. வரப்பு முனையில் நின்று, "படிச்சிட்டு வா சாமி" என்று வழியனுப்பிய அப்பனும் ஞாபகம் வந்தான்.

"மூடியத் தொட்டானுங்க" என்றான்.

அடுத்த வாக்கியம் வரவில்லை. வரும் வரும் என்று அம்மாசி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவே இல்லை.

"அப்பறம் என்ன?" என்றார் வார்டன். எல்லாப் பையன்களும் பெருமூச்சு விட்டார்கள். காரணம் கிடைத்துவிட்டது, குமட்டல்கூடக் குறைந்துவிட்டது.

சாயங்காலம் அண்டாவுக்குத் தீட்டுக் கழிக்கும் சுத்தி. ஒன்பது வருஷம் கவிழ்க்கக் கூடாதது இப்போது கவிழ்க்கலாமாம். தீட்டுப் பட்டதில் லட்சுமி முன்பே போய்விட்டாளாம். காளியண்ணனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து முற்றத்தில் சாய்த்தார்கள். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பச்சையாகக் குழகுழவென்று ஒரு சேறு வந்தது. அதில் செத்த பல்லி, பாதி மக்கிய வெற்றிலைக் காம்பு, ஒரு சட்டைப் பித்தான். கடைசியாக ஒரு தகர வட்டம் கணீரென்று உருண்டு வந்து வார்டன் காலடியில் விழுந்தது. பொடி டப்பி மூடி. போன வருஷம் தொலைந்துபோய், காளியண்ணன்தான் திருடிவிட்டான் என்று அவர் விடுதியையே இரண்டாக்கினாரே, அதே மூடி.

முப்பது பேர் பார்த்தார்கள். வார்டன் குனிந்து அதை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், இடுப்பில் இருந்த டப்பியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "ம், சீக்கிரம் தேயுங்கடா" என்றார்.

சென்றாயன் அங்கேயே வாந்தி எடுத்தான். அண்டாச் சேற்றைப் பார்த்து எடுத்ததாகத்தான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவனுக்குத் தன் வாயே நாறியது. எத்தனை தடவை கொப்பளித்தாலும் "மூடியத் தொட்டானுங்க" என்ற அந்த ஒரு சொல் பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நாராக அங்கேயே இருந்தது.

விறகு அறைப் பக்கம் ஓடினான். அம்மாசி தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி முடித்திருந்தான். கையெழுத்தில்லாத காகிதம் பெட்டிமேல் நான்காக மடிந்து கிடந்தது.

"அம்மாசி, நான் இப்பவே போயி, நாந்தான் புடிக்கச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"இனிச் சொல்லி?" என்றான் அம்மாசி. காகிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டான்.

சென்றாயனுக்குத் தொண்டை எரிந்தது. மூலையில் அந்த மண்பானை, பாதித் தண்ணீரோடு, ஈரத்துணி சுற்றி இருந்தது. அவன் இரண்டு கையையும் நீட்டினான். இந்தத் தடவை எட்டி நிற்கவில்லை. பானை விளிம்பையே பிடித்தான்.

"கொஞ்சம் தண்ணி குடு அம்மாசி. வாயெல்லாம் நாறுது."

அம்மாசி அவன் கையைப் பார்த்தான். பானையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வாசலுக்கு எடுத்துப்போய், மண்ணில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டியைத் தலைக்குத் தூக்கினான்.

"உள்ள போயிக் குடி" என்றான். முதல்முதலாக ஒருமையில் கூப்பிட்டான். "இப்பத்தான் அண்டாவைக் கழுவியிருக்காங்க."