நூற்றைம்பதில் இருபத்தைந்து வயது

தராசு என்பவரின் சிவப்புக் கார் மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டரைத் தொட்டால் அவருக்கு முப்பத்தாறு வயதாகிவிடும். எண்பதில் நாற்பத்தெட்டு. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் பழையபடி ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி சகிதம். பக்கத்து இருக்கையில் உட்காருபவருக்கும் இதே கணக்குதான். இரண்டே இருக்கை உள்ள வண்டி என்பதால் மூன்றாவது ஆளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இடமில்லை. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் காரில் ஏசி வேலை செய்யாது, சிலர் காரில் கண்ணாடி இறங்காது, இவர் காரில் வயது இறங்கும். பழைய வண்டி என்றால் நாலும் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். போக்குவரத்துப் போலீஸுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். வேகக் கேமராவில் விழுந்த படத்தைக் காட்டி, உங்கள் மகனைக் கண்டித்து வையுங்கள் என்று ஒருமுறை வீடு தேடி வந்து சொன்னார்கள். தனக்கு மகன் இல்லை, ஒரே மகள், அவளும் வேறு ஊரில் இருக்கிறாள் என்றார் தராசு. போலீஸ்காரர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அபராதச் சீட்டை நீட்டினார்.

தராசு என்பது பட்டப்பெயர். கடைகளின் எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் அவர். கடைக்குள் நுழைந்தால் வியாபாரியின் கண்ணைப் பார்க்கமாட்டார், கட்டைவிரலைத்தான் பார்ப்பார். தட்டில் விரல் வைத்து எடை கூட்டியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தே காலம் போயிற்று. இந்தத் தொழில் வீட்டுக்குள்ளும் வந்து படுத்துக்கொண்டது. சட்டை வாங்குவதென்றாலும் நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் வைத்துப் பார்ப்பார், முள் நடுவிலேயே நிற்கும், கடை மூடிவிடும். மனைவி பல் டாக்டர், நேர் எதிர். பிடுங்குவது என்று முடிவாகிவிட்டால் யோசிக்க யோசிக்க வலிதான் கூடும் என்பது அவள் கட்சி. தராசுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான், கல்யாணமான முதல் வருடம், கிளினிக் பின்னால் இருந்த சந்தில். அவளுக்குப் பதினெட்டு வயதிலேயே அப்பாவின் பேக்கரி வேனை ஓட்டிப் பழக்கம். அவருக்கோ கிளட்ச் எது பிரேக் எது என்று தெளிய நாலு மாதமும் பக்கத்து வீட்டுச் சுவரும் தேவைப்பட்டன.

காரை ஒரு நடன ஆசிரியரிடம் இரண்டாம் கையாக வாங்கிய புதிதிலேயே, வேகம் ஏற ஏற உடம்பு மட்டும் இல்லை, புத்தியும் பின்னால் போகிறது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. நூற்றுப்பத்தில் தராசு எப்போதோ தேறிவிட்ட பதவி உயர்வுப் பரீட்சையை நினைத்துக் கவலைப்படுவார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குப் பால் காய்ச்சி வைத்தோமா என்று பதறுவாள். அந்தக் குழந்தைக்கே இப்போது ஒரு குழந்தை இருக்கிறது என்பது வண்டி நின்ற பிறகுதான் நினைவுக்கு வரும். டாக்டரின் தம்பி ஒருமுறை ஆசைப்பட்டு ஏறினான். தொண்ணூறைத் தாண்டியதும், அக்கா என்றைக்கோ பிடுங்கிப்போட்ட கடைவாய்ப் பல் திரும்ப முளைத்து, அன்றைய வலியையும் கூடவே கொண்டுவந்தது. பிடுங்கின பல்லுக்கு இரண்டாம் தடவை அலறியவன் ஊரில் அவன் ஒருவன்தான்.

இப்படி ஞாயிறுதோறும் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மெக்கானிக் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். ஆயிலை முகர்ந்தே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுவதால் அவனுக்கு மூக்கன் என்று பெயர். நொறுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து சூப்பர்சார்ஜர் ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. பசியில்லை என்கிற பிள்ளையின் வாயில் அம்மா திணிப்பதுபோல, காற்றைப் பிடித்து இன்ஜினுக்குள் திணிக்கிற கருவி அது. போட்டால் வண்டி நூற்றைம்பதுக்குக் குறையாது என்றான்.

"ஆனா வயசான இன்ஜின் சார். இன்ஜின் மூடிக்குக் கீழ இருக்கிற ஹெட் கேஸ்கெட் தாங்கினாலும் தாங்கும், தாங்காமலும் போகும்."

தராசிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கருவியை அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. வந்தவர்கள் அதன்மேல் காபி தம்ளரை வைத்தார்கள், பூனை அதன்மேல் தூங்கியது. பிஸ்டன் உருகுமா, ரேடியேட்டர் கொதிக்குமா, பெல்ட் அறுமா என்று தராசு கேட்காத ஆள் இல்லை. போடச் சொன்னவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். மச்சினன், பல் விவகாரத்தை மறந்துவிட்டு, போடுங்க மாமா, அப்பதான் என் வண்டி வேகத்தத் தொட முடியும் என்று உசுப்பேற்றினான். மகள் போனில், நீங்க ரெண்டு பேரும் ரொம்பப் பின்னால போயிட்டா நான் இருப்பேனா அப்பா என்று கேட்டாள். காருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று அவர் சமாதானம் சொன்னார். இரு, எதற்கும் அம்மாவிடம் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

இதெல்லாம் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. நூற்றைம்பதில் அவருக்கு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்திரண்டு. அவர்கள் முதல் தடவை பார்த்துக்கொண்டதே அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான், இரு வீட்டாரும் பேசி முடித்தபோது. அன்று அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று ஒரே வார்த்தை சொன்னாள். ஏன் சரி என்றாள் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. கேட்டு, நோயாளி காத்துக்கொண்டிருந்தார் என்று அவள் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இத்தனை வருடம் கட்டிக் காத்த குடித்தனத்தை மிதித்துக்கொண்டு போய், தன்னை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காரவேண்டும். இருபத்தைந்தில் அவர் ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக, பெண்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவராக இருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்காது என்று தராசு பயந்தார். அதைத் தாங்க முடியாது என்றும் அவருக்குத் தெரியும். பாவம், இதை எந்த மெக்கானிக்கிடம் கேட்பது?

ஒரு சனிக்கிழமை மாலை அவர் பீரோவிலிருந்து அலுவலகத் தராசை எடுத்து மேஜைமேல் வைத்தார். போடலாம் என்பதற்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் இடது தட்டில் ஒரு கல், வேண்டாம் என்பதற்கு வலது தட்டில் ஒரு கல். எல்லாக் கல்லும் தீர்ந்தது. முள் நடுவில் நின்று அவரையே பார்த்தது. கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலை இடது தட்டில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

"தட்டுல விரல் வைக்கிறது குத்தம்" என்றார் தராசு.

"அபராதம் போடுங்க, கட்டிடறேன். இருபத்திரண்டுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துபோச்சுங்க. ஒரு தடவை பாக்கணும்."

வாழ்நாள் முழுக்க இந்தக் குற்றத்தை மன்னிக்காத மனிதர், அன்று முதல் தடவையாகப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு புறவழிச்சாலை இருந்தது. யார் திறந்துவைப்பது என்ற தகராறில் திறப்பு விழா நடக்காமல், கோடு போட்டது போட்டபடி, நேராக, காலியாகக் கிடந்தது. மூக்கன் கருவியைப் பொருத்தி, ஆயிலை முகர்ந்து, போய் வாங்க என்றான். தராசு ஸ்டியரிங்கைப் பிடித்தார். கருவி விசில் அடிக்கத் தொடங்கியது. நூற்றுப்பத்தில் வழக்கம்போலப் பரீட்சைக் கவலையும் பால் கவலையும் வந்து போயின. நூற்றிருபதில் அவர்களுக்குக் குழந்தை இல்லை. நூற்றுமுப்பதில் புதுமணத் தம்பதிகள், இருவருக்கும் கொஞ்சம் வெட்கம். ஹெட் கேஸ்கெட் கல்லுபோல் தாங்கியது. இரண்டு வருடம் ஊரைக் கூட்டி யோசித்ததில், யாருக்கும், தராசுக்கும்கூட, தோன்றாமல் போனது ஒரே ஒரு விஷயம்தான். இருபத்தைந்து வயதில் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நூற்றைம்பதில், காது பெரிதான ஒரு பையன் கையில் வட்டமாக ஏதோ இருப்பதைக் கண்டு அலறினான். பயத்தில் கால் பெடலோடு விறைத்துக்கொண்டது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க நீங்க? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க!"

"தெரியாம எதுக்கு ஏறி உக்காந்தீங்க? காலை எடுங்க! முதல்ல காலை எடுங்க!"

"எந்தக் காலை?"

பேக்கரி வேன் ஓட்டிப் பழகியவள் அதற்குமேல் பேசவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பற்றி, இன்னொரு கையால் பையனின் முழங்காலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தாள். வண்டி நேரானது. அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் காலை, எந்தக் காலை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பையன் உயிர் போகிற பயத்திலும் அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வேகம் குறையக் குறைய அந்தச் சிரிப்புக்கு முப்பது, நாற்பது, ஐம்பது வயது ஆயிற்று. வண்டி நின்றபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தராசு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"அன்னிக்கு நீ ஏன் சரின்னு சொன்னே?" என்று கேட்டுவிட்டார்.

"உங்களுக்குக் காபி குடுத்தாங்களே, அப்ப எந்தக் கையால வாங்கறதுன்னு முழிச்சீங்க. சிரிப்பு வந்துருச்சு. எல்லார் முன்னாடியும் சிரிச்சா நல்லாருக்காதேன்னு கடிகாரத்தைப் பாத்தேன்."

மறுவாரத்திலிருந்து டாக்டர்தான் ஓட்டினாள். தராசு பக்கத்து இருக்கைக்கு மாறினார். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது என்று மெல்லப் பழகிக்கொண்டார். அதன் பிறகு வருடங்கள் ஓடின. மூக்கன் இரண்டு தடவை பெல்ட் மாற்றினான், மச்சினன் மூன்று தடவை காரையே மாற்றினான், புறவழிச்சாலை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு பெண்ணும் ஒரு பையனும் அறிமுகமில்லாமல் போவதையும், கிழவனும் கிழவியுமாகத் திரும்புவதையும் பக்கத்து வயல் கூலியாட்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் பையன், எங்கே போகிறோம் என்று கேட்பான். அவள் ஒவ்வொரு வாரமும் வேறு ஊர் சொல்வாள். தெரியாத ஆண்பிள்ளை வண்டியில் இருக்கிறானே, பயமாக இல்லையா என்று மகள் ஒருநாள் போனில் கேட்டாள்.

"இதுவரைக்கும் ஒரு வாரம்கூட அந்தப் பையனை இறக்கிவிடணும்னு தோணலைடி" என்றாள் டாக்டர். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒரு வாரம் தவிர. அன்னிக்கு எனக்கே ஓட்டச் சொல்லிக்குடுக்க வந்துட்டான்."

அடுத்த அறையில் தராசு செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.